பென்கூலன் கோட்டையும் சர்க்கரை நோயாளியும்

நீண்டகால நோயாளியின் கிளெய்மை மறுக்கும் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறது: பாலிசி எடுக்கும்போது இருந்த நோயை நீங்கள் மறைத்துவிட்டீர்கள், நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம் அதனால் செல்லாது. இந்தக் கோட்பாட்டின் மூலமாகச் சட்ட நூல்கள் காட்டும் வழக்கு 1766-இல் லண்டனில் தீர்ப்பானது. சுமத்ராவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோட்டை இருந்தது. அந்நியர் அதைப் பிடித்தால் தனக்கு இழப்பீடு கிடைக்கும்படி அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர் லண்டனில் காப்பீடு எடுக்கச் செய்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். பணம் தர வேண்டிய சார்லஸ் போம், கோட்டை பலவீனமானது என்பதையும் தாக்குதலுக்கு வாய்ப்பு இருந்ததையும் கார்ட்டர் சொல்லவில்லை என்று வாதாடினார். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதை ஏற்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதைக் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு வந்த பிறகு அதையே காரணமாகக் காட்டுவது நல்லெண்ணம் ஆகாது என்றார். இன்று நோயாளிக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் கோட்பாடு, பாலிசிதாரர் வென்ற வழக்கில்தான் உருவானது. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது. இந்திய மருத்துவக் காப்பீட்டின் வரலாற்றில் பாதியாவது, மறந்துபோன அந்த இரண்டாம் பாதியை நோயாளிகள் வழக்குப் போட்டு மீட்ட வரலாறு.

இங்கே பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நான்கு அரசு நிறுவனங்களாக இயங்கிய காலத்தில், 1986-இல், மெடிகிளெய்ம் பாலிசி வந்தது. பாலிசி தொடங்கும்போதே உடலில் இருந்த நோய்க்கு அதில் இடமில்லை. எத்தனை ஆண்டு பிரீமியம் கட்டினாலும் இல்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இதயம், சிறுநீரகம், கண், கால் புண் என்று எது கெட்டாலும் பழைய சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடலாம். அதே 1986-இல் நாடாளுமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. சேவைகளின் பட்டியலில் காப்பீட்டையும் சேர்த்தது. இந்தச் சட்டம் இல்லாவிட்டால், மறுப்புக் கடிதம் கையில் வந்தவருக்குச் செலவும் காலமும் விழுங்கும் சிவில் வழக்கைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

அந்த மறுப்புகள் எதை ஆதாரமாகக் கொண்டன என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு வரி: 'பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்.' நெஞ்சு வலியோடு வந்தவரின் மனைவியிடமோ மகனிடமோ பணி மருத்துவர் அவசரத்தில் கேட்டு எழுதியது அது. அவர்கள் ஐந்து என்றார்களா பத்து என்றார்களா, தாங்களே சரியாக அறிந்தவர்களா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. எழுதிய மருத்துவரின் வாக்குமூலமோ முந்தைய சிகிச்சைப் பதிவோ இல்லாமல் அந்த வரியை மட்டும் வைத்து நோயை மறைத்ததாக முடிவு கட்ட முடியாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. நிரூபிக்கும் பொறுப்பு மறுக்கிறவருடையது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. நோய் வந்த பின்பே எல்லோரும் பாலிசி எடுத்தால் பொது நிதி காலியாகும். நலமாக இருந்து பல ஆண்டுகள் பணம் கட்டியவர்தான் நஷ்டப்படுவார். மறைப்பும் நடக்காததல்ல. நாள்பட்ட சர்க்கரையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் சொல்லாமல் பாலிசி எடுத்த ஒரு வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மறுப்பையே உறுதி செய்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் இந்த ஆபத்துக்கு நிரந்தர விலக்கு மருந்தல்ல, காத்திருப்புக் காலமே போதும். 2008-இல் காப்பீட்டுத் துறையே 48 மாதத் தொடர் பாலிசிக்குப் பிறகு பழைய நோய்க்கும் பணம் தர இசைந்தபோது அந்த வாதத்தின் பெரும்பகுதி தீர்ந்துபோனது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தது.

நீதிமன்றங்களும் ஒவ்வொரு கதவாகத் திறந்தன. கிளெய்முக்காக வழக்குப் போட்டவருக்குப் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு பொதுத்துறை நிறுவனம் மறுத்தது. அது தன்னிச்சையான செயல் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. புதுப்பித்தலைப் புதிய பாலிசியாகக் கருதினால் இடையில் வந்த நோயெல்லாம் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும் என்பதால் இது உயிர்நாடியான தீர்ப்பு. பரம்பரை நோய்களை ஒட்டுமொத்தமாக விலக்குவது பாகுபாடு என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2021-இல் வந்த தீர்ப்பு மான்ஸ்ஃபீல்டிடமே திரும்புகிறது. வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்த ஒருவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் படிவத்திலேயே எழுதியிருந்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்தது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பின் அதே நிலையைச் சொல்லிக் கைவிரிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இப்படியே போனால் பிரீமியம் ஏறாதா என்று கேட்கலாம். ஏறும், முதியவர்களுக்கு ஏற்கெனவே தாங்க முடியாத அளவில் ஏறுகிறது. ஆனால் ஆபத்தின் விலையை முதலிலேயே சொல்லி வாங்குவது ஒன்று, விலையை வாங்கிக்கொண்டு ஆபத்து வரும் நாளில் ஒதுங்கிக்கொள்வது வேறு. முன்னதை எதிர்த்துப் பேரம் பேசலாம். பின்னதற்கு நோயாளி தன் வீட்டை விற்று ஈடு கட்டுகிறார். ஆயுள் காப்பீட்டில் குறிப்பிட்ட காலம் கடந்த பாலிசியைக் கேள்வி கேட்பதற்குக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பல காலமாகவே வரம்பு வைத்திருந்தது; அதனால் அந்தத் துறை அழிந்துவிடவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு அப்படியொரு வரம்பு மிகத் தாமதமாக, முதலில் எட்டு ஆண்டு என்று வந்து, 2024-இல் 60 மாதமாகச் சுருங்கியது. அதற்குப் பின் மோசடியை நிரூபித்தாலன்றி, பழைய நோயைச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது.

மறுப்புக் கடிதம் வந்தால் அதை இறுதித் தீர்ப்பாக எண்ணி மடித்து வைத்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அந்த ஓராண்டைத் தவறவிடாதீர்கள்.