அஞ்சல் கட்டில் வராத பாதி

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமித்தது. வேலைக்கு வந்தவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சீர்காழிக்காரர். பெயர் எஸ். ஆர். ரங்கநாதன், வயது 31. நூலகங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்னால் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் படித்த ஒரு கட்டுரைதான். இன்றைய கணக்கில், விக்கிப்பீடியா பக்கம் ஒன்றை வாசித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போன மாதிரி.

வேலையில் சேர்ந்த ஒரே வாரத்தில் அவருக்கு வெறுத்துப்போனது. வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவரால் அந்த நூலகத் தனிமையைத் தாங்க முடியவில்லை. பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். பல்கலைக்கழகத் தரப்பு ஒரு சமரசம் சொன்னது: லண்டன் போய் நூலகக் கல்வி படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். அந்த வருடம் செப்டம்பரில் அவர் கப்பலேறினார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் பள்ளி தொடங்கி அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே வகைப்பாடு கற்பித்தவர் டபிள்யூ. சி. பெர்விக் சேயர்ஸ். அவர் குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகரும்கூட. வகுப்பில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி புத்தகங்களிலேயே இருக்கிறது, தானே படித்துக்கொள்ளலாம் என்பது ரங்கநாதனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அப்போது சேயர்ஸ் அவரை வகுப்பிலேயே பிடித்து வைக்கவில்லை. தன் நூலகத்துக்கு அழைத்துப்போய் வேலை பார்க்கவிட்டார், மற்ற நூலகங்களையும் போய்ப் பார்க்கச் சொன்னார். 1925-ல் திரும்பி வந்த ரங்கநாதன் அதற்குப் பிறகு கணித வகுப்புக்குப் போகவில்லை.

நூலகக் கல்வி இரண்டு பாதிகளால் ஆனது என்பதை இந்தக் கதை முதலிலேயே காட்டிவிடுகிறது. ஒரு பாதி படித்துத் தெரிந்துகொள்வது, அதைத் தனியாக எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். இன்னொரு பாதி, ஒரு நூலகத்துக்குள் நின்று தெரிந்துகொள்வது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக நம்ம ஊரில் அஞ்சல்வழியில் நூலகம் படித்தவர்களுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை உதவும்.

கோடைப் பள்ளியிலிருந்து பட்டயம் வரை

இந்தியாவில் நூலகப் பயிற்சி ரங்கநாதனோடு தொடங்கவில்லை. பரோடா சமஸ்தானத்தில் டபிள்யூ. ஏ. போர்டன் என்ற அமெரிக்கர் 1911-ல் பயிற்சி வகுப்பு நடத்தினார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1915-ல் ஏசா டான் டிக்கின்சனை வரவழைத்தது. சென்னையில் 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அந்த ஆண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில்தான் ரங்கநாதன் தன் ஐந்து விதிகளை முதன்முதலாக மேடையில் பேசினார். அவை 1931-ல் புத்தகமாக வந்தன. அந்த மீனாட்சி கல்லூரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்ததாகச் சங்கம் ஒரு கோடைப் பள்ளி தொடங்கியது. விடுமுறையில் நடக்கும் சான்றிதழ் வகுப்பு அது. 1931-ல் அதைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-ல் அந்தச் சான்றிதழின் இடத்தில் பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பு வந்தது. (சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அதே 1937-ல்தான்.) நூலகர் என்பவர் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை, பட்டம் படித்த பிறகு தனியாகப் பயின்று வரவேண்டிய தொழில்முறையாளர் என்பதை அந்தப் பட்டயம் நிறுவியது. பெரிய வெற்றிதான். ரங்கநாதன் 1956-ல் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்.

ஆனா அந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. விடுமுறையில் வந்துபோகும் வகுப்பு, முழு வருடப் படிப்பாக மாறும்போது யார் வெளியே நிற்பார்கள்? ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள். ஒரு வருடச் சம்பளத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுச் சென்னையில் அறை எடுத்துத் தங்க முடியாதவர்கள்.

1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தது, பின்னால் இருந்த உழைப்பு ரங்கநாதனுடையது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்குப் பணம் தர சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி. இதனால் நூலகங்கள் சின்ன ஊர்களுக்குப் பரவின, இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நூலகங்கள் ஊர் ஊராகப் போய்விட்டன, நூலகக் கல்வியோ பல்கலைக்கழக நகரங்களிலேயே நின்றுவிட்டது.

தபால்காரர் கொண்டுவந்த படிப்பு

இந்த இடைவெளியை நிரப்பியது அஞ்சல்வழிக் கல்வி. இந்தியாவில் அதைத் தொடங்கியது டெல்லி பல்கலைக்கழகம், 1962-ல். தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இறங்கின. 1985-ல் உருவான இக்னோ, 1989-ல் இளநிலை நூலகவியல் பட்டத்தைத் தொடங்கி, சில வருடங்களில் முதுநிலையையும் கொண்டுவந்தது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. "கரஸ்ல படிக்கிறேன்" என்பது தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்கே பொதுவான வாக்கியம் ஆனது.

இப்போது மீனாட்சி கல்லூரிக்கு வருவோம். அதை மையமாக வைத்துத்தான் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. ஐந்து விதிகள் முதலில் ஒலித்த அதே சிதம்பரத்திலிருந்து, அரை நூற்றாண்டு கழித்து, நூலகவியல் பாடங்கள் அஞ்சல் கட்டுகளாக ஊர் ஊராகப் போயின. ரங்கநாதன் 1972-ல் இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். புத்தகம் வாசகரைத் தேடிப் போகவேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவருக்கு, பாடம் மாணவரைத் தேடிப் போவது எப்படிக் கசக்கும்?

அந்தக் கட்டில் வந்ததில் சாரமான பகுதி வகைப்பாடு. ஒரு உதாரணம் பார்க்கலாம். மெல்வில் டியூயியின் தசம முறையில் மொத்த அறிவும் பத்துப் பெரும் பிரிவுகள். இலக்கியத்துக்கு 800. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை ஒரு முழு வீதி. தமிழ் இலக்கியத்துக்கு? 890 என்ற 'மற்ற மொழிகள்' சந்துக்குள் நுழைந்து, திராவிட மொழிகளைத் தாண்டி, 894.811. அதில் புனைகதைக்கு இன்னொரு 3 சேர்த்து 894.8113. இரண்டாயிரம் வருட இலக்கியத்துக்கு விலாசம் ஆறு இலக்கத்தில் தொடங்குகிறது! தமிழ்ப் புத்தகங்களே நிறைந்த கிளை நூலகத்தில் முக்கால்வாசி அலமாரியில் இந்த நீளமான எண்ணைத்தான் ஒட்டவேண்டும்.

ரங்கநாதனின் கோலன் வகைப்பாட்டில் இலக்கியத்துக்கு 'ஓ' என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31. ஓ31, முடிந்தது. லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது தோன்றிய யோசனை அது. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து வைக்காமல், ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து வகைத் துண்டுகளைக் கொடுத்து, தேவைக்கு ஏற்ப முடுக்கிக்கொள்ளச் சொன்னார். ஷாப்பிங் தளத்தில் இடப்பக்கம் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாக டிக் போட்டுத் தேடுகிறோமே, அதன் தத்துவம் இதுதான். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு 1933-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் ஒரு டேட்டாபேஸ் வடிவமைப்பு ஆவணமாகவே தெரிகிறது.

இதையெல்லாம் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேனாவும் பேப்பருமாகப் பயின்றுவிட முடியும். தலைப்பைக் கொடுத்தால் எண்ணைக் கட்டுவது கணக்குப் போடுவது மாதிரிதான், போடப்போட வரும்.

வராதது வேறு. கவுன்டருக்கு எதிரே வந்து நிற்கிற பையன் "பொது அறிவு புக் இருக்கா?" என்கிறான். அவனுக்குத் தேவை எந்தத் தேர்வுக்கான எந்தப் பாடம்? பென்ஷன் வாங்கும் தாத்தா "பட்டா பத்தி ஏதாவது" என்கிறார். அவர் தேடுவது சட்டப் புத்தகமா, விண்ணப்பப் படிவமா? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றிய நான்காவது விதியைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். கேட்ட கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வியைக் கண்டுபிடிப்பதற்கு, அதை நன்றாகச் செய்யும் ஒரு மூத்த நூலகருக்குப் பக்கத்தில் சில வாரம் நிற்கவேண்டும். வார இறுதித் தொடர்பு வகுப்பில் அது கிடைக்காது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அஞ்சலில் நூலகம் படித்தவர்களில் யார் ஏற்கனவே ஒரு நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்கு இரண்டாவது பாதி வேலையிலேயே கிடைத்தது, கட்டு முதல் பாதியைக் கொடுத்தது. அவர்கள் ஒருவகையில் முழுமையாகப் படித்தவர்கள். நூலகத்துக்குள் போகாமலே பட்டம் வாங்கியவர்கள்தான் பாதியில் நின்றவர்கள். ஆனா சான்றிதழைப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

முத்திரை யாருடையது?

சான்றிதழைப் பற்றிய வாக்குவாதம் நடந்ததெல்லாம் வேறு இடத்தில். தொலைநிலைக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 2013-ல் இக்னோவிடமிருந்து யூ.ஜி.சி.க்கு மாறியது. 2017-ல் புதிய விதிமுறைகள் வந்தன. 2022 மார்ச்சில் யூ.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான், அதற்குப் பிறகு நடத்தியவை செல்லாது. நூலகவியல் மட்டுமில்லை, எல்லாப் பாடங்களுக்கும்தான். இரவில் கண்விழித்துப் படித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டியவர்கள் அந்த அறிவிப்பை எப்படி வாசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அனுமதி இருந்ததா இல்லையா என்பது நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அந்தக் காகிதத்தை நீட்டவேண்டியவர் மாணவர்.

கவனித்தால், அந்த வாக்குவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இவர் ஒரு நூலகத்தில் எத்தனை நாள் நின்றார்?

நான் இருக்கும் நாவலூர் பக்கம் இது வெறும் வரலாறு இல்லை. படூர், களவாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுக பொறியியல் கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தகுதி பெற்ற நூலகர் வேண்டும். சின்ன வேலையில் உள்ளே நுழைந்து, தொலைநிலையில் அடுத்த பட்டத்தை முடித்து மேலே ஏறுவது இங்கே பலருக்கும் இருக்கிற ஒரே ஏணி. அதே சாலையில் அடுக்குமாடி வாங்கிய நாங்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். 1948 சட்டத்தின் கை இந்தப் புது டவர்கள் வரைக்கும் நீள்கிறது.

அந்தப் பணத்தில் ஓடும் கிளை நூலகங்கள்தான் இரண்டாவது பாதியைக் கொடுக்கக்கூடிய இடம். தொலைநிலையில் படிக்கும் ஒவ்வொருவரும் பட்டத்துக்கு முன்னால் ஒரு மாதமாவது அருகிலுள்ள பொது நூலகத்தில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், இருக்கிற நூலகரே ஆசிரியர். ஆள் பற்றாக்குறையில் திணறும் கிளைக்கு ஒரு கை கூடும். சேயர்ஸ் தன் மாணவருக்கு அன்று செய்துகொடுத்தது இதுதான். லண்டனில் ஒரு ரங்கநாதனுக்கு ஒரு குராய்டன் கிடைத்தது. இங்கே நான்காயிரத்துக்கு மேல் குராய்டன்கள் திறந்துதான் இருக்கின்றன.