சூஸியின் பத்துப்பாட்டு

2022-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசன் வந்தபோது எல்லோரும் கேட் புஷ் பற்றியே பேசினார்கள். அந்த சீசனின் கடைசி எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒலித்த பாட்டை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. அது 'ஸ்பெல்பவுண்ட்', 1981-ல் வந்தது. பாடியவர்கள் சூஸி அண்ட் த பான்ஷீஸ். அயர்லாந்து நாட்டார் கதைகளில் பான்ஷீ என்பவள் ஒரு வீட்டில் சாவு விழப்போவதை ஓலமிட்டு முன்கூட்டியே அறிவிக்கும் பெண். அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட பேண்ட் பின்னால் காத்திக் ராக்கின் முன்னோடி ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இவர்களுக்குள் நுழைய எந்த ஆல்பம் என்று கேட்டால் நான் சொல்வது ஒரு தொகுப்பைத்தான். 1981 டிசம்பரில் பாலிடார் வெளியிட்ட 'ஒன்ஸ் அபான் எ டைம்: த சிங்கிள்ஸ்'. 1978-லிருந்து 1981 வரையிலான பத்துப் பாட்டு.

தொகுப்பைப் போய் யாராவது சிபாரிசு செய்வார்களா, ஆல்பம்தானே முழுப் படைப்பு என்று தோன்றலாம். ஆனால் அன்றைய பிரிட்டனில் சிங்கிள் என்பது ஆல்பத்துக்கான விளம்பரத் துண்டு அல்ல, தனிப் படைப்பு. ரசிகன் ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு கொடுக்கக் கூடாது என்று பல பேண்டுகள் சிங்கிளை ஆல்பத்தில் சேர்க்காமலே விட்டன. 'ஹாங்காங் கார்டன்', 'த ஸ்டேர்கேஸ்', 'லவ் இன் எ வாய்ட்', 'இஸ்ரேல்' ஆகிய நான்கும் அவர்களுடைய எந்த பிரிட்டிஷ் ஆல்பத்திலும் அப்போது இல்லை. ஆல்பம் மட்டும் வாங்கியவருக்கு இந்தக் கதையின் பாதி தெரியாது.

கதை 1976 செப்டம்பரில் லண்டன் 100 கிளப்பில் ஆரம்பிக்கிறது. மேடையேறிய நால்வருக்கும் ஒழுங்காக ஒரு பாட்டு கிடையாது. டிரம்ஸில் சிட் விஷியஸ். கிறிஸ்தவ ஜெபம் ஒன்றை வைத்துக்கொண்டு சுமார் இருபது நிமிடம் இரைச்சல் போட்டுவிட்டு இறங்கினார்கள். அவர்களில் சூஸியும் பாஸ் வாசித்த ஸ்டீவன் செவரினும் மட்டும் கடைசிவரை தொடர்ந்தார்கள். அடுத்த வருடம் மற்ற பங்க் பேண்டுகளுக்கெல்லாம் ஒப்பந்தம் கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1978 ஜூனில்தான் பாலிடார் எடுத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் 'ஹாங்காங் கார்டன்' வெளியாகி பிரிட்டிஷ் தரவரிசையில் ஏழாவது இடத்துக்குப் போய்விட்டது.

ஹாங்காங் கார்டன் என்பது தென்கிழக்கு லண்டன் புறநகரான சிசல்ஹர்ஸ்டில் இருந்த ஒரு சீன உணவுக்கடை. சூஸி அங்கே போவார். வார இறுதிகளில் ஸ்கின்ஹெட் கும்பல் வந்து அங்கே வேலை செய்பவர்களைச் சீண்டுவதைப் பார்த்திருக்கிறார். அந்த ஆத்திரத்தில் பிறந்த பாட்டு அது. 1977 ஆகஸ்டில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி லூயிஷம் தெருக்களில் ஊர்வலம் போய், எதிர்ப்பாளர்களோடு மோதல் நடந்திருந்த காலம். அதை மனதில் வைத்துக் கேட்டால் இந்தத் துள்ளலான சைலஃபோன் மெட்டு வேறு மாதிரி கேட்கும்.

தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் ஒரு காரியம் செய்தார். டிரம்ஸ் வாசித்த கென்னி மோரிஸை முதலில் பாஸ் டிரம், ஸ்நேர் மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிந்தார். சிம்பலும் டாம் டாம்களும் தனியாக, பிறகு. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வெற்றிடம் கிடைத்தது. பின்னால் 'போஸ்ட் பங்க் சவுண்ட்' என்று நாம் அடையாளம் காணும் அந்தக் காலி அறை எதிரொலிக்கு இதுவும் ஒரு தொடக்கம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. சீனர்களுக்கு ஆதரவாக எழுதப்பட்ட இந்தப் பாட்டின் சொற்களும் மெட்டும், மேற்கில் சீனாவைப் பற்றிப் புழங்கிய அதே தேய்ந்த படிமங்களால் ஆனவை. பரிவு உண்மை. அந்தப் பரிவைச் சொல்ல அவர்களிடம் இருந்த மொழிதான் இரவல்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஐந்தாவது பாட்டில். ஆரம்பகால பங்க் கூட்டத்தில் சிலர் நாஜி ஸ்வஸ்திகா அணிந்து திரிந்தார்கள். சூஸியும் கைப்பட்டையில் அதை அணிந்தார். போரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பெற்றோர் தலைமுறையைச் சீண்டத்தான் செய்தோம் என்பது அவருடைய விளக்கம். சீண்டலாகவே இருக்கட்டும். அந்தச் சின்னத்தைப் பார்த்து நிஜமாகவே நடுங்கியவர்கள் யார் என்ற கேள்வியை அந்த விளக்கம் தொடுவதில்லை. 'லவ் இன் எ வாய்ட்' மேடையில் பாடப்பட்ட தொடக்க வடிவத்தில் யூதர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வரி இருந்தது. 1979-ல் இசைத்தட்டாக வந்தபோது 'யூதர்கள்' இருந்த இடத்தில் குறுகிய புத்திக்காரர்களைக் குறிக்கும் சொல் இருந்தது.

அந்த இசைத்தட்டின் இன்னொரு பக்கம் 'மிட்டாக்ஐசன்'. ஜெர்மன் மொழியில் பாடப்பட்டது. மதிய உணவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் 'இரும்பு' என்ற சொல்லைச் செருகிய சிலேடை. அதன் உறையில் நாஜிகளை எதிர்த்த கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1935-ல் செய்த ஒட்டுப்படம்: ஸ்வஸ்திகா பதித்த சுவர்த்தாளுக்கு முன்னால் ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து இரும்புச் சாமான்களைத் தின்கிறது. அதாவது ஒரே தட்டில் ஒரு பக்கம் திருத்தப்பட்ட பழைய பிழை, மறுபக்கம் அந்தப் பிழைக்குப் பதில் போல ஒன்று. 1981 தொகுப்பில் திருத்தப்பட்ட பாட்டு மட்டும் இருக்கிறது, 'மிட்டாக்ஐசன்' இல்லை. மென்பொருள் வேலையில் இறுதி வடிவத்தை மட்டும் பார்த்து யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மாற்றங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். சங்கப் பாட்டையே தொகை வழியாகப் பெற்றவர்கள் நாம். தொகுத்தவர் கை எங்கே படுகிறது என்று பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

அதே செப்டம்பரில் பேண்ட் உடைந்தது. அபர்டீனில் கச்சேரிக்குச் சில மணி நேரம் இருக்கும்போது மோரிஸும் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்கேவும் கிளம்பிப் போய்விட்டார்கள். டிரம்ஸுக்கு பட்ஜி வந்தார். முன்னிசைக்கு வந்திருந்த த க்யூர் பேண்டின் ராபர்ட் ஸ்மித் ஒவ்வொரு இரவும் தன் பேண்டோடு வாசித்துவிட்டு, இவர்களோடும் வாசித்துச் சுற்றுப்பயணத்தை முடித்துக் கொடுத்தார். வேறு பேண்டாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தொகுப்பில் ஐந்தாவது பாட்டிலிருந்து ஆறாவதுக்குப் போகும்போது கேட்கும் திடீர் மாற்றத்துக்குக் காரணம் இதுதான்.

ஆறாவது, 'ஹாப்பி ஹவுஸ்'. 1980. ஜான் மெக்கியாக் கிட்டார் எடுத்துவிட்டார். மெக்கேவின் கிட்டார் தகரத்தைக் கிழிப்பது மாதிரி இருக்கும். இவருடையது ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி இறங்குவது போல. மகிழ்ச்சியான வீடு என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போதே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று கிட்டார் போட்டுக்கொடுக்கும். 'கிறிஸ்டின்' பல ஆளுமைச் சிக்கலோடு வாழ்ந்த கிறிஸ்டின் சைஸ்மோரைப் பற்றியது. அவர் கதைதான் 1957-ல் 'த த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' படமானது. 'ஸ்பெல்பவுண்ட்' பாட்டில் வேகமாக உரசப்படும் அக்கூஸ்டிக் கிட்டாரும் பட்ஜியின் டாம் டாம் அடியும் ஒன்றையொன்று துரத்துகின்றன. த ஸ்மித்ஸ் பேண்டின் ஜானி மார் மெக்கியாக்கைப் பலமுறை வியந்து பேசியிருக்கிறார். மெக்கியாக் 1982-ல் உடைந்துபோனார், அத்தோடு பேண்டில் அவர் காலம் முடிந்தது. 2004-ல் இறந்துவிட்டார்.

காத்திக் என்றால் கறுப்பு உடை, கண் மை, கல்லறை என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். இந்தப் பத்துப் பாட்டில் கல்லறையைத் தேட வேண்டியதில்லை. உணவுக்கடை, மாடிப்படி, விளையாட்டு மைதானம், ஒரு வீடு, ஒரு பெண்ணின் தலைக்குள் சில அறைகள். பயம் தினமும் புழங்கும் இடங்களில்தான் இருக்கிறது.

வரிசையை மாற்றாமல் கேளுங்கள், மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் மட்டும் நிறுத்திவிட்டு 'மிட்டாக்ஐசன்' தேடிக் கேளுங்கள். அந்த உறைப்படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வீட்டுக் குழந்தையின் வாயிலும் இரும்பு இருக்கிறது. அதற்கப்புறம் 'ஹாப்பி ஹவுஸ்' போடுங்கள்.