விண்ணப்பத்தில் கோயில் தொண்டு

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வந்த கையோடு, சிங்கப்பூர் தேக்காவில் என்னைத் தெரிந்த பிள்ளைகள் வந்து கேட்பார்கள்: "ஆன்ட்டி, மருத்துவப் பள்ளி விண்ணப்பத்துல கோயில் தொண்டூழியத்தைப் போடலாமா? சமயம்னு ஒதுக்கிடுவாங்களா?" நான் ஓய்வு பெற்ற தாதி. பிள்ளைகளின் பயம் எங்கிருந்து வந்தது, இந்த ஊருக்கு அது ஏன் பொருந்தாது என்று அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1854 வரை, ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட்டவருக்கே இடம். அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் பல மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பத்தில் மதம் என்னவென்று கேட்டன. யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அது வழியானது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காக எடுத்து, சாதி மத வாரியாகப் பங்கிட்டார்கள். அதில் முஸ்லிமுக்கு ஒன்று. ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து ஒன்று. படிப்பு எட்டாதிருந்தவர்களுக்குக் கதவு திறக்க வந்த அரசாணை அது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. இட ஒதுக்கீட்டைக் காக்க அதே ஆண்டு அரசியலமைப்பு திருத்தப்பட்டது.

வேலூரில் நிலைமை வேறு. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). திருச்சபைகளின் பரிந்துரையோடு அங்கே சேரும் மாணவர்கள், படித்து முடித்ததும் அந்தச் சபை காட்டும் மருத்துவமனையில் பணியாற்ற ஒப்புக்கொள்கிறார்கள். மற்ற இடங்களில் விண்ணப்பம் "நீ யார்" என்று கேட்டது. வேலூர் "என்ன செய்யப் போகிறாய்" என்றும் கேட்டது.

சிங்கப்பூரில், அதிலும் சிராங்கூன் சாலையில், வழிபாடும் வைத்தியமும் அக்கம்பக்கத்தில்தான் வளர்ந்தன. 1855இல் தொடங்கிய பெருமாள் கோயிலைத் தாண்டி அதே சாலையில் மேலே நடந்தால் குவோங் வாய் ஷியு மருத்துவமனை வரும். ஏழை நோயாளிகளுக்கென்று ஏற்பட்ட டான் டொக் செங் மருத்துவமனை 1909இல் மோல்மீன் சாலைக்கு மாற, அது காலி செய்த இடத்தில் கான்டனீயச் சமூகத்தார் 1910இல் தொடங்கியது இது. 1913இல் பென்கூலன் தெருவில், ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவியான டாக்டர் சார்லட் ஃபெர்குசன்-டேவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் திறந்தார். அதிலிருந்து வளர்ந்ததே செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை. 1948இல் உருவான ஸ்ரீ நாராயண மிஷன் இன்று ஈசூனில் முதியோர் இல்லம் நடத்துகிறது.

மருத்துவப் பள்ளியும் ஊரார் கேட்டுப் பெற்றதுதான். 1904இல் டான் ஜியாக் கிம் தலைமையில் ஆளுநரிடம் மனு போனது. திரண்ட நன்கொடை 87,077 வெள்ளி. 1905 ஜூலை 3ஆம் தேதி, பெண்களுக்கான பழைய மனநல விடுதிக் கட்டடத்தில் 23 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியது. இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி அதன் வழிவந்தது. அரசு பராமரிக்கும் கல்விக்கூடத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது நம் அரசமைப்பின் 16ஆம் பிரிவு. ஆகவே சமயத்தால் இடம் போய்விடாது. சமயத்தைச் சொன்னதற்காக இடம் கிடைத்துவிடவும் செய்யாது.

ஒரு பெண் "சமய நடவடிக்கைகளில் தீவிர ஈடுபாடு" என்று எழுதிக்கொண்டு வந்தாள். தைப்பூசத்தன்று என்ன செய்தாய் அம்மா என்று கேட்டேன். தண்ணீர்ப் பந்தலில் நின்றாளாம். காவடி எடுப்போருக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்ட ஒருவர் காவடியை இறக்க மறுத்திருக்கிறார். கூட வந்தவர்கள் காவடியைத் தாங்கிப் பிடிக்க, முக்காலி போட்டு உட்காரவைத்து, இவள் குனிந்து காலை நீவிவிட்டிருக்கிறாள். அவர் நாக்கில் அலகு. வலிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கண்ணையும் மூச்சையும் பார்த்தே, முதலுதவிக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். பேச முடியாத நோயாளியைப் பார்த்தறிவதை நான் வார்டில் பல ஆண்டு நின்று கற்றேன். அந்த முதல் வரியை அடித்துவிட்டு இதை எழுது என்றேன்.

நேர்முகத்தில், நோயாளியின் நம்பிக்கை வேறாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கலாம். ரமலான் நோன்பை விட மனமில்லாத நீரிழிவு நோயாளி வருவார். ரத்தம் ஏற்ற வேண்டாம் என்னும் யெகோவாவின் சாட்சி வருவார். தன் கோயிலில் பக்தியோடு நின்ற பிள்ளைக்கு, அடுத்தவரின் பக்தி எவ்வளவு ஆழமானது என்று புரிய வேண்டும். புரியாவிட்டால் அந்தத் தொண்டு விண்ணப்பத்தில் இருந்தும் பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிவத்தை நிரப்புவதற்காகத் தொடக்கக் கல்லூரியின் கடைசி ஆண்டில் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பாதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததுமே அன்னதானத்துக்கு அழைத்து வாருங்கள். மருத்துவப் படிப்பு கிடைக்காமல் போனாலும், பசித்து வந்தவருக்கு முகம் பார்த்துப் பரிமாறப் பழகியிருப்பார்கள்.