மேடு சொல்லும் வரலாறு

இங்கிலாந்தில் 'டன்' என்று முடியும் ஊர்கள் ஏராளம். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் வேலியடைத்த இடம், பண்ணை. நம் எல்லைப்புறத்தில் அப்படியொரு ஈறு 'மேடு'. முன்பாதியைப் பார்த்தால் வந்தவர் யாரென்று தெரியும்.

பாலக்காட்டு ஜைனிமேட்டில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. 1907இல் குமாரன் ஆசான் 'வீணபூவு' எழுதியதும் அங்கே ஒரு சமணர் வீட்டில்தான். இடுக்கிப் பீர்மேடு, பீர் முகம்மது என்ற சூஃபிப் பெரியவர் பெயர் என்பார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு இரண்டும் தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து மலையேறிய பாதையைச் சொல்கின்றன; மெட்டும் மேடுதான்.

1956 மாநிலப் பிரிப்பில் பீர்மேடு கேரளத்தில் நின்றது. மேடு மட்டும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாகவே நிற்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் 'பீர்மேட்' என்றால், மேடு என்று சொல்லிக் கொடுங்கள். ஈறு போனால் பொருளும் போயிடும்.