அபூகுபைஸ் மலையில் எழுந்த குரல்

மனிதனின் நெஞ்சில் அறவுணர்வு எங்ஙனம் தோன்றிற்று? சமயம் வந்து கற்பித்த பின்னரே அவன் நன்மை தீமையை அறிந்தானா, அன்றி அதற்கு முன்பே அறிந்திருந்தானா? அறிஞர் உலகில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதம் இது. நன்மை தீமையை அறிவைக் கொண்டே உணரலாம் என்றனர் முஃதஸிலாக்கள். இறைக் கட்டளையே அதனை நிர்ணயிக்கிறது என்றார் இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ. கூடி வாழும் உயிர்களின் இயல்பூக்கத்திலிருந்தே அறவுணர்வு வளர்ந்தது என்று 1871-ஆம் ஆண்டில் எழுதினார் சார்லஸ் டார்வின். இவ்வாதத்தை நோக்கும் நாம், மக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை மறந்துவிடலாகாது.

அது ஏறத்தாழ கி.பி. 590-ஆம் ஆண்டு. வஹீ அருளப்பெறுவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. அன்றைய மக்காவில் அரசன் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒருவனுக்குத் தீங்கு நேர்ந்தால் அவனுடைய குலம் எழுந்து நிற்கும். குலத்தவனுக்காக உயிரையும் ஈவது பெருமையாகக் கருதப்பட்டது. ஆகவே, அம்மக்களிடம் அறமே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. அறம் இருந்தது; ஆனால் அது குலத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. அங்கே குலத்துணை அற்ற அயலானுக்குப் புகலிடம் ஏது?

யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவிற்குச் சரக்குக் கொண்டுவந்தார். அதனை வாங்கிய ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவர் விலையைக் கொடுக்க மறுத்தார். வணிகர் அவருடைய நேசக் குலத்தாரிடம் முறையிட்டார், அவர்கள் செவிசாய்க்கவில்லை. வேறு வழியின்றி அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, கஅபாவைச் சூழ்ந்து அமர்ந்திருந்த குறைஷியர் கேட்கும்படித் தமக்கு நேர்ந்த அநீதியை உரத்துக் கூறினார்.

அக்குரல் வீண்போகவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை ஸுபைர் முன்னின்று அழைக்க, ஹாஷிம், முத்தலிப், அஸத், ஸுஹ்ரா, தைம் ஆகிய குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். மக்காவில் அநீதிக்கு ஆளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருக்குரியது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று உறுதி பூண்டனர். பின்னர் ஆஸிடம் சென்று வணிகருக்குரியதை மீட்டும் கொடுத்தனர். 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று வரலாறு குறிக்கும் உடன்படிக்கை இதுவே. அதில் கலந்துகொண்டபோது பெருமானாருக்கு வயது ஏறத்தாழ இருபது.

நபித்துவம் பெற்ற பின்னரும் பெருமானார் அந்நாளைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாத்திலும் அத்தகைய உடன்படிக்கைக்கு எவரேனும் அழைத்தால் இசைவோம் என்று அவர்கள் கூறியதை இப்னு ஹிஷாம் பதிவு செய்துள்ளார். நல்லுணர்வின் வித்து மனித இயல்பிலேயே உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் சமயம் செய்ததென்ன? அன்று ஐந்து குலத்தார் விரும்பி ஏற்ற உறுதியை, நம்பிக்கை கொண்ட ஒவ்வொருவரின் கடமையாக்கிற்று. உறவினருக்கே எதிராயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு பணித்தது. காண்பார் எவரும் இல்லாத இடத்திலும் கணக்குக் கேட்பவன் ஒருவன் உண்டென்னும் அச்சத்தை நெஞ்சில் ஊன்றிற்று.

ஆயினும், சமயத்தின் பெயரைத் தாங்கிய அளவிலேயே ஒரு சமுதாயத்தில் நீதி நிலைத்துவிடுவதில்லை. முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பாவுக்கும் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கும் ஒரு சொத்துக் குறித்து வழக்கு எழுந்தது. ஆளுநர் தம் அதிகாரத்தால் உரிமையை மறுத்தபோது, வாளேந்திப் பள்ளிவாசலில் நின்று ஹில்ஃபுல் ஃபுளூலின் பெயரால் மக்களை அழைப்பேன் என்றார்கள் ஹுஸைன் (ரலி). அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) முதலானோர் துணைநிற்க முன்வந்தனர். ஆளுநர் பணிந்தார்.

மார்க்கம் நிறைவுற்ற பின்னரும் அப்பழைய உறுதிமொழி தேவைப்பட்டதென்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். மலையேறி நின்ற அந்த வணிகர் தருமம் கேட்கவில்லை. தம் சரக்கின் விலையையே கேட்டார். நம்மிடம் வேலை செய்த அயலாரின் கூலியும், நாம் வாங்கிய பொருளின் விலையும் நம் கையில் தங்கியிருக்குமாயின், அக்குரல் இன்று நம் வாயிலில்தான் ஒலிக்கிறது.