கங்காரு தாய்மார்கள்

கங்காருக் குட்டி பிறந்தவுடன் தாயின் பைக்குள் போய்விடும். மீதி வளர்ச்சி அங்கேதான். மனிதக் குழந்தைக்கும் அந்த வழியைக் காட்டிய ஊர், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா.

1970களில் அங்கிருந்த தாய் சேய் மருத்துவமனையில் ஏழைத் தாய்மார்களின் கூட்டம் அதிகம். இன்குபேட்டர்களோ குறைவு. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். நோய் தொற்றியது. பல குழந்தைகள் இறந்தன. நெடுநாள் பிரிந்திருந்ததால், பிழைத்த குழந்தைகளில் சிலவற்றைத் தாய்மார்களே விட்டுச் சென்றனர்.

1978ல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா மாற்று வழி ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு டாக்டர் ஹெக்டர் மார்ட்டினெஸ் சேர்ந்துகொண்டார். குழந்தையைத் தாயின் மார்போடு, தோலில் தோல் படும்படி நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார்கள். தாயின் உடல் சூடுதான் இன்குபேட்டர். உணவு தாய்ப்பால். உடல் தேறியதும் அதே கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இது ஏழை நாட்டு வைத்தியம் என்று முதலில் பலர் நினைத்தனர். ஆனால் அங்கு இவ்வாறு வளர்ந்த குழந்தைகளை 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, அவர்களிடம் முரட்டுத்தனமும் படபடப்பும் குறைவாக இருந்தன. இது 2017ல் வெளியானது.

2021ல் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனே தாயோடு அணைத்து வைத்தபோது, முதல் 28 நாட்களில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது.

பெட்டித் தட்டுப்பாட்டில் பிறந்த வைத்தியம் இது. இன்று பெட்டிகள் நிறைந்த மருத்துவமனைகளும் குழந்தையைத் தாயின் மார்பில்தான் வைக்கின்றன.