கடல் வளர்த்த ஊர்கள்: புரூம் – யாருக்குப் பொது இந்த ஊர்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், பெர்த் நகரிலிருந்து சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது புரூம். அங்கே கார்னர்வன் தெருவில் 1916 டிசம்பரில் 'சன் பிக்சர்ஸ்' என்ற திரையரங்கம் திறக்கப்பட்டது. பின்பாதிக்குத் தகரக் கூரை, முன்பாதிக்கு வானம். உள்ளே நுழைந்ததும் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நடுவில் பிரம்பு நாற்காலிகள், அவை வெள்ளையர்களுக்கு. ஆசியர்களுக்கு வேறு வரிசைகள். பூர்வகுடியினர் தனி வாசல் வழியே வந்து, ஓரத்து மரப்பலகைகளில் உட்கார வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் கடல் மட்டும் மதிக்கவில்லை. புரூம் அமைந்திருக்கும் ரோபக் விரிகுடாவில், பெரிய ஓதங்களின்போது நீர் 9 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அத்தகைய நாட்களில் கடல் தெருவைத் தாண்டித் திரையரங்குக்குள்ளேயே வந்துவிடும். பார்வையாளர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். 1974-ல் கரையில் தடுப்பணை எழுப்பிய பிறகுதான் தண்ணீர் வருவது நின்றது. இருக்கைப் பிரிவினையும் பல பத்தாண்டுகள் நீடித்த பிறகே ஒழிந்தது. அரங்கம் இன்றும் நடக்கிறது. இன்றுவரை இயங்கும் திறந்தவெளித் திரையரங்குகளில் உலகிலேயே பழமையானது என்ற பெயர் அதற்கு உண்டு.

திரையரங்கம், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், இடுகாடு, படகுத்துறை, பூங்கா. எந்த ஊரிலும் இவற்றைப் பொது வசதிகள் என்கிறோம். புரூமின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் கூடவே வருகிறது: இவையெல்லாம் யாருக்குப் பொது?

சிப்பிக்காகப் பிறந்த ஊர்

இந்த மண் யாவுரு மக்களுடையது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அவர்கள் இந்தக் கரையில் மீன் பிடித்தார்கள், சிப்பி எடுத்தார்கள், அந்தச் சிப்பிகளைச் செதுக்கி உள்நாட்டு மக்களோடு பண்டமாற்றுச் செய்தார்கள். ஐரோப்பியர்கள் வந்ததும் அதே சிப்பியைத் தேடித்தான்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை அறிந்த நமக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். கொற்கையிலும் மன்னாரிலும் மக்கள் தேடியது முத்தை. அங்குள்ள சிப்பி சிறியது. முத்தை எடுத்தபின் அதற்கு மதிப்பு குறைவு. புரூம் கடலில் கிடைக்கும் 'பிங்டாடா மேக்சிமா' என்ற சிப்பியோ, சோற்றுத் தட்டு அகலத்துக்கு வளரக்கூடியது. அதன் உட்புறம் கனத்த, வெள்ளி மின்னும் ஓடு. பிளாஸ்டிக் வராத அந்தக் காலத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் சட்டைப் பொத்தான்கள் அந்த ஓட்டிலிருந்துதான் செய்யப்பட்டன. முத்து கிடைத்தால் அது அதிர்ஷ்டம், ஓடுதான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பு கொடுமையில் தொடங்கியது. 1860-களிலும் 70-களிலும் இந்தக் கடற்கரை நெடுகிலும் பூர்வகுடி ஆண்களையும் பெண்களையும் பிடித்து வந்து, எந்தக் கருவியும் இல்லாமல் மூச்சடக்கிக் கடலில் மூழ்க வைத்தார்கள். கர்ப்பிணிகள் அதிக நேரம் மூச்சடக்குவார்கள் என்றொரு நம்பிக்கை முதலாளிகளிடம் இருந்ததால், அவர்களையும் விடவில்லை. பெண்களை இந்தத் தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்று 1871-லேயே காலனி அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆள் நடமாட்டமற்ற நீண்ட கடற்கரையில் அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை.

1883-ல் ஜான் ஃபாரஸ்ட் இடத்தைத் தேர்ந்தெடுக்க, ஊர் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் சர் ஃபிரடெரிக் புரூமின் பெயரை அதற்கு வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் துணி உடையும் ஈயக் காலணியும் வந்துசேர்ந்தன. மேலே படகில் கையால் இயக்கும் காற்றுப் பம்பு, கீழே ஆழ்கடலில் குளியாள். ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பைன்ஸ்காரர், திமோரின் கூபாங் பகுதியினர், சீனர் என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கிய வேளையில் சுமார் 400 'லக்கர்' பாய்மரப் படகுகள் புரூமைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் செய்தன.

இலங்கையிலிருந்தும் ஒருவர் வந்தார். தாமஸ் பாஸ்டியன் எல்லீஸ் என்ற சிங்களவர், முத்துச் சீரமைப்பில் தேர்ந்தவர். மங்கிய, குறைபட்ட முத்தின் மேற்படலத்தைச் சிறு கத்தியால் அடுக்கடுக்காகச் சீவி, அடியில் இருக்கும் ஒளியை வெளிக்கொணர்வது அவர் வேலை. கை ஒருமுறை தவறினாலும் முத்து பாழ். புரூமின் பெரிய முதலாளிகள் தங்கள் விலையுயர்ந்த முத்துகளை அவர் கையில் நம்பிக் கொடுத்தார்கள். இந்தியப் பெருங்கடலின் ஒரு கரையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த தொழிலறிவு மறுகரையில் மதிக்கப்பட்டதற்கு அவர் சாட்சி.

சட்டம் சொன்னதும் கடல் கேட்டதும்

1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடானது. புதிய நாடாளுமன்றம் முதலில் நிறைவேற்றிய சட்டங்களுள் ஒன்று, வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம். புரூம் அந்தச் சட்டத்துக்கு நேர்மாறான ஊர். அங்கே வெள்ளையர்கள் சிறுபான்மை. ஆசியத் தொழிலாளர்கள் இல்லாவிட்டால் படகுகள் நகராது. ஆகவே முத்துச்சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்களித்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை.

ஆசியத் தொழிலாளர்களை நம்பியிருந்த இந்த நிலையை மாற்றிக்காட்ட 1912-ல் ஒரு சோதனை நடந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சி பெற்ற மூழ்குநர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். வெள்ளையர்களே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நிரூபிப்பது நோக்கம். வந்தவர்களில் வில்லியம் வெப்பர் உட்படச் சிலர் உயிரிழந்தனர், மற்றவர்கள் விலகினர். ஆழத்தில் நின்று, கலங்கிய நீரில் மணலுக்குள் பாதி புதைந்த சிப்பியைக் கண்டுகொள்ளும் கண் ஆண்டுக்கணக்கில் பழகி வருவது. 1916-ல் அரசு விசாரணைக் குழுவும் ஆசியத் தொழிலாளர்களே தொடரட்டும் என்று சொல்லிவிட்டது.

பூர்வகுடியினர் நிலை இதைவிடக் கடுமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிக் குழந்தைகளுக்குப் பெற்றோரை ஒதுக்கிவிட்டு அரசு அதிகாரியையே சட்டப்பூர்வ பாதுகாவலராக்கியது. பூர்வகுடிப் பெண் வேற்றினத்தவரை மணக்க அரசின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றம். ஆசியத் தந்தைக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்த பல குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பீகிள் விரிகுடா போன்ற மிஷன்களில் வளர்க்கப்பட்டார்கள். அப்படிப் பிரிக்கப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய புரூமின் பழைய குடிகள்.

கட்டியவர்கள் யார்?

விலக்கிவைக்கப்பட்ட இந்த மக்கள்தான் ஊரின் பொது நிறுவனங்கள் பலவற்றைக் கட்டினார்கள். ஜப்பானியர்கள் சங்கம் வைத்துப் பணம் திரட்டித் தங்களுக்கென மருத்துவமனை எழுப்பினார்கள். அதற்கான தேவை பெரிது. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறினால், அழுத்தம் குறைந்து இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகும். கை கால்கள் முடங்கும், உயிரும் போகும். 1914-ஆம் ஆண்டில் மட்டும் இந்த முடக்கத்தால் 33 பேர் இறந்தார்கள்.

அயர்லாந்திலிருந்து வந்த புனித ஜான் ஆஃப் காட் சபைக் கன்னியாஸ்திரிகள் 1908-ல் புரூமில் பள்ளி தொடங்கினார்கள். அவர்களது மடத்தை 1926-ல் கட்டியவர் ஹோரி கோரோகிச்சி, ஜப்பானியப் படகுத் தச்சர். ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்கள் தங்கிய வீட்டுக்குப் படகு கட்டிய கைகளே உத்தரமும் சட்டமும் இழைத்தன. அந்தக் கட்டடம் இன்று பாரம்பரிய மையம். சபையினரும் இப்பகுதிப் பூர்வகுடியினரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தை, அதன் நன்மையும் வலியும் சேர்த்து, அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றக் கட்டடத்தின் கதையும் இதே கடலோடு பிணைந்தது. 1889-ல் ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து புரூமுக்குக் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. வடம் கரையேறிய இடம்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் 'கேபிள் பீச்'. தந்தி நிலையமாக எழுந்த மரவீடு 1921-ல் நீதிமன்றமானது. இன்று சனிக்கிழமைகளில் அதன் தோட்டத்தில் சந்தை கூடுகிறது.

ஜப்பானியர் இடுகாட்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 707 கல்லறைகள், அவற்றில் 919 பேர். பெரும்பாலான கற்கள் கடற்கரையில் எடுத்த கரடுமுரடான பாறைகள். முகப்பில் மட்டும் தட்டையாக்கி ஜப்பானிய எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் புயலில் மூழ்கியவர்களுக்கு ஓர் உயர்ந்த கல்தூண். 1887, 1935 புயல்கள் ஒவ்வொன்றும் சுமார் 140 உயிர்களைக் கொண்டுபோயின. இறந்தவர்களில் பலர் வாகயாமா மாவட்டத்தின் தாய்ஜி போன்ற மீனவ ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள். 1981-ல் புரூமும் தாய்ஜியும் சகோதர ஊர்களாயின. தாய்ஜியில் டால்பின்கள் கொல்லப்படுவதை எதிர்த்து 2009-ல் புரூம் நகராட்சி அந்த உறவை நிறுத்திவைத்தது. ஊரின் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் மனம் நொந்தன. சில வாரங்களிலேயே நகராட்சி தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

1942 மார்ச் 3

பசிபிக் போர் மூண்டதும் புரூமின் ஜப்பானியர்கள் கைது செய்யப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்குச் சில மாதங்களில், 1942 மார்ச் 3 காலை, ஒன்பது ஜப்பானியப் போர் விமானங்கள் ஊரைத் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பிவந்த டச்சுக்காரர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, ரோபக் விரிகுடாவில் நின்ற பறக்கும் படகு விமானங்களுக்குள் இருந்தார்கள். கரைக்கு இறங்க ஓதம் ஏற வேண்டுமென்று காத்திருந்தவர்கள் அவர்கள். 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் மிகவும் வற்றும் நாட்களில் அந்த விமானங்களின் சிதைவுகள் சேற்றுக்கு மேல் இன்றும் தெரிகின்றன.

போருக்குப் பின் ஜப்பானியக் குளியாட்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆனால் 1950-களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. ஓட்டுக்கு இருந்த சந்தை சரிந்தது. ஊரைக் காப்பாற்றியது வளர்ப்பு முத்து. 1956-ல் புரூமுக்கு வடக்கே குரி விரிகுடாவில் ஜப்பானிய நுட்பத்துடன் பண்ணை தொடங்கியது. நூறாண்டு ஓட்டுக்காகத் தேடிய அதே சிப்பி, பிறகு முத்துக்காகத் தேடப்பட்டது.

பொது என்பது மாறிய விதம்

1970-ல் 'ஷிஞ்சு மட்சுரி' என்ற முத்துத் திருவிழா தொடங்கியது. ஜப்பானியர், சீனர், மலாய்க்காரர் தனித்தனியே கொண்டாடிய விழாக்களை ஒன்றாக்கி ஊர் விழாவாக்கினார்கள். 1990-ல் ஜிம்மி சி என்ற புரூம்காரர், தன் உடலில் ஓடும் சீன, ஜப்பானிய, ஸ்காட்லாந்து, பூர்வகுடி இரத்தங்களைப் போலவே பல குரல்கள் கலந்த 'பிரான் நியூ டே' இசை நாடகத்தை மேடையேற்றினார். ஒருகாலத்தில் குற்றம் என்று சட்டம் சொன்ன கலப்பு, அந்த நாடகத்தில் பெருமையாக எழுந்து நின்றது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. நீண்ட வழக்குக்குப் பின், 2006-ல் யாவுரு மக்களின் பூர்வீக நில உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் அங்கீகரித்தது. 2010-ல் அரசுடன் உடன்பாடு கையெழுத்தானது. அரசியல் தலைவர் பாட்ரிக் டாட்சன் இந்தச் சமூகத்தின் பிள்ளை. கடற்கரைப் பாதுகாப்புப் பகுதிகளை நிர்வகிப்பதில் இன்று யாவுரு மக்களுக்குப் பங்கு உண்டு; பள்ளிகளில் யாவுரு மொழி கற்பிக்கப்படுகிறது.

அதே 2010-ல் கடற்கரையில் ஒரு வெண்கலச் சிலை எழுந்தது. அலையிலிருந்து மேலெழும் ஒரு கர்ப்பிணிப் பூர்வகுடிப் பெண், கையில் சிப்பியுடன். முத்துத் தொழிலின் முதலாளிகளுக்கும் படகுகளுக்கும் ஊரில் நினைவுச் சின்னங்கள் இருந்தன. தொழிலின் முதல் மூச்சு யாருடையதோ அவளுக்கு இடம் கிடைக்க 140 ஆண்டுகள் ஆயின.

இன்று ஏறக்குறைய 15,000 பேர் வாழும் புரூமில் நூலகம் இருக்கிறது, நீச்சல் குளமும் விளையாட்டரங்கமும் இருக்கின்றன, பழைய பாய் தைக்கும் கொட்டகையில் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டன் நகை வணிகர் ஸ்ட்ரீட்டரின் நிறுவனம் அலையாத்திக் காட்டுக்குள் கட்டிய மரப் படகுத்துறையிலிருந்து, டவுன் பீச் கரைவரை ஊரின் கதையைச் சொல்லும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். யாவுரு மக்களின் குரலும் அந்தக் கதையில் இருக்கிறது.

ஓர் ஊரில் எத்தனை பூங்கா, எத்தனை பள்ளி, எத்தனை படுக்கை கொண்ட மருத்துவமனை என்று கணக்கெடுப்பது எளிது. யார் கட்டினார்கள், யார் எந்த வாசல் வழியே உள்ளே போனார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புரூம் அதைத் தாமதமாகச் சேர்த்தது, ஆனால் சேர்த்தது. பிரிவினையின் மிச்சம் இன்னும் அங்கே உண்டு. பூர்வகுடியினரின் வீட்டு வசதியிலும் உடல்நலத்திலும் ஆயுளிலும் அது தெரிகிறது. தனி வாசலை அகற்றியதோடு வேலை முடிவதில்லை. உள்ளே வந்தவருக்குச் சமமான இருக்கையும் வேண்டும்.

அடுத்த இதழில், இதே மாநிலத்தின் தென்மேற்குக் கோடிக்குப் போவோம். கடலுக்குள் 1,841 மீட்டர் நீளும் ஒரு மரத்துறையைக் கைவிட அரசு துணிந்தபோது, அதைக் காப்பாற்றிய பஸ்ஸல்டன் ஊர்மக்களின் கதை அது.

(தொடரும்)